ஓவனுக்குள் ஓர் இரும்புக்கல்

200 டிகிரிக்குச் சூடேறிய ஓவனைத் திறந்து கேக் தட்டை வெளியே எடுக்கும்போது, உறை போட்ட விரல்கள் போக மீதிக் கை அந்தச் சூட்டுக்குள் போய்த்தான் வருகிறது. ஒன்றும் ஆவதில்லை. அனல் அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருக்கும் கம்பித் தாங்கியில் முழங்கை தெரியாமல் பட்டுவிட்டால் நொடியில் கொப்புளம். காற்றும் 200 டிகிரி, கம்பியும் 200 டிகிரி. காற்று தன்னிடம் உள்ள வெப்பத்தை மெல்லத்தான் கொடுக்கும். இரும்பு அள்ளிக் கொடுத்துவிடும். வீட்டு ஓவனில் பீட்சா சுடும் வித்தையில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இது புரிய எனக்கு வெகுநாள் ஆனது. எங்கள் வீட்டு ஓ.டி.ஜி. ஓவனில் முதலில் சுட்ட பீட்சாக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மேலே சீஸ் உருகி, எண்ணெய் விட்டு, காயவும் தொடங்கியிருக்கும். அடிப்பக்கம் வெளிறிப்போய், துண்டைக் கையில் எடுத்தால் ஈரத்துணிபோலத் தொங்கும். அடி சிவக்கட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் விட்டால் மாவு மொத்தமும் காய்ந்து வறட்டு ரொட்டியாகிவிடும். மாவைக் குற்றம் சொன்னேன், ஈஸ்டைக் குற்றம் சொன்னேன். குற்றம் தட்டில் இருந்தது.

பீட்சாவின் தாய்வீடு தென் இத்தாலியின் நேப்பிள்ஸ். அங்கே பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊர்ப் பீட்சா எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுத்துக் காக்க 1984-இலேயே ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். அவர்களுடைய விறகடுப்பின் தளம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குவிந்த கூரை 485 டிகிரி வரை போகும். பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 விநாடிதான். அந்த நேரத்துக்குள் விளிம்பு பலூன்போல உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்து, உள்ளே பஞ்சுபோல வெந்துவிடுகிறது. மாவின் ஈரம் வெளியேறுவதற்குள் சமையல் முடிந்துவிடுவதால்தான் அந்த மென்மை.

நம் வீட்டு ஓவனின் குமிழைக் கடைசி வரை திருகினாலும் பெரும்பாலும் 250 டிகிரிதான். பாதிதானே குறைவு, இரண்டு மடங்கு நேரம் வைத்தால் சரியாகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. விறகடுப்பின் கூரையிலிருந்து பீட்சாவின் மேல்பக்கத்துக்கு வெப்பம் வருவது பெரும்பாலும் கதிர்வீச்சாக. கதிர்வீச்சின் அளவு, கெல்வின் கணக்கில் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடும் என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி. 485 டிகிரி என்பது 758 கெல்வின். 250 டிகிரி 523 கெல்வின். ஒன்றை மற்றதால் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் விடை நாலரைக்குச் சற்றுக் கீழே வரும். அதாவது நேப்பிள்ஸ் அடுப்பின் கூரை நம் ஓவனைப்போல நாலு மடங்குக்கும் மேலான வெப்பத்தைப் பொழிகிறது.

மேல்பக்கக் கணக்கு இது. அடிப்பக்கத்தில் நடப்பது இன்னும் சுவையானது.

நேப்பிள்ஸ் அடுப்புகளின் தளத்துக்குப் பேர்போனது சோரெண்டோ பகுதியில் களிமண்ணால் செய்யும் ஒருவகை ஓடு. பிஸ்கோட்டோ என்பார்கள். வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதுதான் அதன் சிறப்பு. 400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் தளத்தின் மேல் ஈரமாவை வைக்கிறோம்; ஓடு சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் அடி கருகாமல் தப்பிக்கிறது. அங்கே இரும்புத் தகடு இருந்தால் மாவு பட்ட வேகத்தில் கரியாகிவிடும். அந்த ஊர்க்காரர்கள் அதிகச் சூட்டுக்கு மெதுவான பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குறைந்த சூடுள்ள நம் ஓவனுக்கு வேகமான பொருள் வேண்டும்.

ஆந்திரே வர்லமோவ், ஆந்திரியாஸ் கிளாட்ஸ் என்ற இரு இயற்பியலாளர்களும் உணவு மானிடவியலாளர் செர்ஜியோ கிராசோவும் சேர்ந்து 2018-இல் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும்போது இடையில் என்ன வெப்பநிலை நிலவும் என்பது அவற்றின் சூட்டை மட்டும் பொறுத்ததில்லை; ஒவ்வொன்றும் எவ்வளவு வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கிறது, எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதையும் பொறுத்தது. 330 டிகிரிச் செங்கல் தளத்தில் மாவை வைத்தால் இரண்டும் தொடும் இடத்தில் சுமார் 200 டிகிரி இருக்கும். அதே 330 டிகிரியில் எஃகுத் தளம் என்றால் அங்கே சுமார் 300 டிகிரி, மாவு தீய்ந்துவிடும். எஃகை 230 டிகிரிக்கு இறக்கினால் தொடுமிடம் மறுபடி 200-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. அதாவது மாவின் அடிப்பக்கத்துக்கு, 330 டிகிரிச் செங்கலும் 230 டிகிரி எஃகும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த வரியைப் படித்தபோது நான் எழுந்து போய் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அது வெறும் கனத்த இரும்புத் தகடு. அமெரிக்காவில் நேதன் மைர்வோல்ட் குழுவினரின் ‘மாடர்னிஸ்ட் குசின்’ நூல் 2011-இல் வந்த பிறகு, அதிலிருந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு ஓவனில் வைக்கும் எஃகுத் தகடுகளைத் தனிப்பொருளாகவே விற்கத் தொடங்கினார்கள். நல்ல சாமான். ஆனால் கைப்பிடி இல்லாத, தட்டையான, எடை கூடிய பழைய தோசைக்கல் வீட்டில் இருந்தால் அதுவே அந்த வேலையைச் செய்யும். நடுவில் குழிவான சப்பாத்திக்கல் உதவாது. மாவின் அடி முழுவதும் இரும்பைத் தொட வேண்டும். விளிம்பு தூக்கிய கல்லானால் கவிழ்த்து வைக்கலாம். மரம் அல்லது பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளது வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் பூச்சு உள்ளதும் வேண்டாம். இந்தச் சூட்டில் அந்தப் பூச்சு தாக்குப்பிடிக்கும் எல்லையை நெருங்கிவிடுவோம். தோசைக்கல்லில் பிடித்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வையுங்கள், இல்லையென்றால் சமையலறை முழுக்கப் புகை. ஓவனின் சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், காற்று ஓட வேண்டும்.

கல்லைப் போட்டாயிற்று, சூடேற எவ்வளவு நேரம்? ஓவனின் விளக்கு அணைந்ததும் தயார் என்று நினைத்துவிடக் கூடாது. 40 லிட்டர் ஓவனுக்குள் 250 டிகிரியில் இருக்கும் காற்றின் எடை 30 கிராம்கூட இல்லை. ஓர் அடிச் சதுரமும் 6 மில்லிமீட்டர் கனமும் கொண்ட எஃகுத் தகட்டின் எடை நாலு கிலோவுக்கு மேல். காற்று சூடாகிவிட்டது என்றுதான் விளக்கு சொல்கிறது. இரும்பு முழுதாகச் சூடேற முக்கால் மணி நேரமாவது வேண்டும். கதவைத் திறந்தால் அந்த 30 கிராம் காற்று ஓடிவிடும், கவலையில்லை. சூடெல்லாம் இரும்பில் இருக்கிறது.

இனி மாவு. நேப்பிள்ஸில் ‘00’ என்று குறியிட்ட மாவைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைத் தேடிப்பிடித்து அதிக விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. வீட்டு ஓவனுக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. 00 என்பது எவ்வளவு வெண்மையாக, நைசாக அரைத்தது என்பதைக் குறிக்கும் இத்தாலிய வகைப்பாடு. 90 விநாடி அடுப்புக்கு ஏற்ற மாவு அது. நம் ஓவனில் சீக்கிரம் சிவக்காது. நம் கடைகளில் கிடைக்கும் மைதாவே போதும். அதில் புரதம் பொதுவாக 9 முதல் 11 சதவீதம் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து, புரதம் கூடுதலாக உள்ளதை எடுங்கள். கோதுமை மாவு கலக்க விரும்பினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தவிட்டுத் துணுக்குகள் மாவின் இழைகளை அறுத்துவிடும்.

அந்த இழைகள்தாம் குளூட்டன். இத்தாலியின் பொலோன்யா நகரத்து அறிஞர் பெக்காரி 1728-இல் செய்து காட்டிய சோதனையை நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம். பிசைந்த மைதா உருண்டையைத் தண்ணீரில் போட்டு மெல்லப் பிசைந்து கழுவிக்கொண்டே இருங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும், அது மாவுச்சத்து. கழுவக் கழுவக் கடைசியில் ரப்பர்போல ஒரு சவ்வு மட்டும் கையில் நிற்கும். அதில் இரண்டு வகைப் புரதங்கள் பின்னிக் கிடக்கின்றன. கிளையடின் மாவை இழுபட வைக்கிறது, குளூட்டெனின் அதைத் திரும்பச் சுருங்க வைக்கிறது. ஈஸ்ட் விடும் கரியமில வாயுவைச் சிறு சிறு குமிழ்களாகச் சிறைப்பிடிப்பது இந்தச் சவ்வுதான். நம் இட்லி மாவிலும் புளிப்பும் வாயுவும் உண்டு, ஆனால் அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாது. அங்கே குமிழைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. அரைத்த உளுந்தைத் தொட்டுப் பார்த்தே மாவு பொங்குமா என்று சொல்லும் பாட்டிமார்கள் இந்த வேதியியலைத்தான் விரலால் படித்தார்கள்.

குளூட்டன் உருவாக முரட்டுத்தனமாகப் பிசைய வேண்டும் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. நியூயார்க்கின் ரொட்டிக் கலைஞர் ஜிம் லேஹி, பிசையாமலே 18 மணி நேரம் மூடிவைத்துச் சுடும் ரொட்டியை 2006-இல் உலகறியச் செய்தார். தண்ணீர் பட்ட புரதங்கள் நேரம் கொடுத்தால் தாமாகவே கோத்துக்கொள்கின்றன. பீட்சாவுக்கும் இது பொருந்தும். கை வலிக்கப் பிசைவதைவிடக் காத்திருப்பது நல்ல மாவைத் தருகிறது.

மாவு காத்திருக்க வேண்டிய இடம் ஃபிரிட்ஜ். மாவில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். வெளியில் வைத்தால் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று பொங்கித் தள்ளிவிடும். சென்னை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழிவதைப் பார்த்திருக்கிறேன். 4 டிகிரிக் குளிரில் ஈஸ்ட் மந்தமாகிவிடும், நொதியோ மெல்ல வேலையைத் தொடரும். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்வரை கூட வைக்கலாம். மணம் கூடும், மாவு கையில் இணக்கமாக விரியும், கூடவே கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். குறைந்த சூட்டில் சுடுகிற நமக்கு அந்தச் சர்க்கரை பெரிய வரம். ரொட்டி சிவப்பதும் மணப்பதும் மெயார் வினையால். பிரான்சின் லூயி காமில் மெயார் 1912-இல் விவரித்தது அது. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சுமார் 140 டிகிரிக்கு மேல் விறுவிறுவென்று சேர்ந்து அந்தப் பழுப்பையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. நேப்பிள்ஸ்காரர்கள் மாவில் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ப்பதில்லை, அவர்களுக்குத் தேவையுமில்லை. நாம் இரண்டையும் கொஞ்சம் சேர்க்கலாம், அதில் குற்றவுணர்வு வேண்டாம். எண்ணெய் சேர்த்த மாவு ஆறேழு நிமிடம் ஓவனில் இருந்தாலும் வறண்டுபோவதில்லை.

என் அளவு இது: 500 கிராம் மைதா, 310 கிராம் குளிர்ந்த நீர், 12 கிராம் உப்பு, 8 கிராம் சர்க்கரை, 10 கிராம் எண்ணெய், ஒன்றரை கிராம் உடனடி ஈஸ்ட். மூன்று பீட்சா வரும். கோடையில் ஐஸ் தண்ணீரே ஊற்றலாம். எடைக்கருவி இல்லாமல் கப்பால் அளப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; ஒரே கப் மைதா, தட்டி நிரப்பினால் ஒரு எடை, தூவி நிரப்பினால் வேறு எடை. எல்லாவற்றையும் கலந்து, இருபது நிமிடம் மூடிவைத்து, பிறகு ஐந்து நிமிடம் பிசைந்தால் மாவு தானாக வழவழப்பாகிவிடும். மூன்று உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய டப்பாக்களில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சுடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும்.

விரிக்கும்போது பூரிக்கட்டையைத் தொடாதீர்கள். இரண்டு நாளாகச் சேர்ந்த வாயுவை அது ஒரே உருட்டில் நசுக்கிவிடும். உருண்டையை மாவில் புரட்டி, நடுவிலிருந்து விரல் நுனிகளால் அழுத்திக்கொண்டே வெளியே வரவேண்டும். விளிம்பில் ஒரு விரல் அகலத்தைத் தொடாமல் விட வேண்டும். பிறகு இரு கைமுட்டிகளின் மேல் போட்டு மெல்லச் சுற்றினால் தன் எடையாலேயே விரியும். இழுத்த மாவு சுருங்கிக்கொண்டே வந்தால் குளூட்டெனின் இன்னும் விறைப்பாக இருக்கிறது என்று பொருள். மூடிவைத்துவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். பரோட்டா மாஸ்டர்கள் உருண்டைகளை எண்ணெயில் ஊறப்போட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதற்காகத்தான். ஊறாத மாவைக் காற்றில் வீசினால் கிழியும் என்று அவர்கள் கைக்குத் தெரியும்.

மேலே போடுவதில் ஒரே எதிரி தண்ணீர். 40 கிராம் நீரை ஆவியாக்க சுமார் 90 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1500 வாட் ஓவன் ஒரு நிமிடம் முழுக்க எரிந்து தரும் வெப்பம் மொத்தமும் சிந்தாமல் சிதறாமல் பீட்சாவுக்குள் போனால்தான் அது நடக்கும். உண்மையில் அதில் சிறு பங்குதான் போய்ச் சேரும். மாவின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. 100-ல் நிற்கும் மாவு வேகுமே தவிரச் சிவக்காது. ஆகவே ஒவ்வொரு கரண்டி சாறும் மொறுமொறுப்பிலிருந்து கழித்துக்கொள்ளப்படுகிறது.

தக்காளியில் நாட்டுத் தக்காளி புளிப்பும் மணமும் மிக்கது, ஆனால் சாறு அதிகம். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம். இரண்டையும் பாதிப்பாதி எடுத்து, கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, விதைகளையும் சாற்றையும் வடிகட்டியில் இறக்கிவிட்டு, சதையைக் கையால் நசுக்கி உப்புப் போட்டால் அதுவே சாஸ். வேகவைக்கத் தேவையில்லை, ஓவனில் வேகப்போகிறது. பூண்டு, வெங்காயம், மசாலா போட்டுத் தொக்குபோல வதக்கினால் அது நல்ல தொக்கு. பீட்சாவில் தக்காளியின் புது மணம் கெட்டுவிடும். ஒரு பீட்சாவுக்கு நாலு மேசைக்கரண்டி போதும். காளான், குடைமிளகாய் போட வேண்டுமென்றால் வாணலியில் ஒருமுறை வதக்கித் தண்ணீரை விரட்டிவிட்டுப் போடுங்கள்.

சீஸிலும் அதே கதைதான். புது மொசரெல்லா உருண்டையில் எடையில் பாதிக்கு மேல் நீர். நேப்பிள்ஸ் அடுப்பின் சூட்டுக்கு அது சரி. நம் ஓவனில் ஈரம் குறைந்த, கட்டியாக வரும் மொசரெல்லாதான் நன்றாக நடந்துகொள்ளும். ஏன் மொசரெல்லா, செடார் கூடாதா? நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிரையனி ஜேம்ஸ் குழுவினர் 2014-இல் பலவகைச் சீஸ்களைப் பீட்சா மேல் உருக்கிப் படம்பிடித்து ஒப்பிட்டார்கள். உருகும் சீஸுக்கு அடியில் நீராவி குமிழ் கட்டும். மொசரெல்லா இழுபடக்கூடியது என்பதால் அந்தக் குமிழ் பெரிதாக உப்பும். உப்பிய முகட்டிலிருந்து எண்ணெய் வழிந்து விலக, அந்த இடம் காய்ந்து சிவந்து புள்ளியாகும். செடாரில் அந்த நெகிழ்ச்சி இல்லை, குமிழும் புள்ளியும் அப்படி விழுவதில்லை. பால் புரதமான கேசீனைச் சரியான புளிப்புக்குக் கொண்டுவந்து, வெந்நீரில் போட்டு இழுத்து இழுத்து நாராக்குவதால் வந்த குணம் அது. துருவிய சீஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் சில்லென்று போடுங்கள்; கொஞ்சம் தாமதமாக உருகி, மாவு சிவக்க நேரம் கொடுக்கும்.

கல் சூடாகிவிட்டது. ஒரு மரப்பலகையிலோ தட்டையான அட்டையிலோ நைஸ் ரவையைத் தூவி, விரித்த மாவை அதன் மேல் போட்டு, சாஸும் சீஸும் விறுவிறுவென்று போட வேண்டும். இந்த இடத்தில் தாமதம் ஆகாது. ஈரம் மாவுக்குள் இறங்கிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பலகையை ஒருமுறை அசைத்துப் பாருங்கள், பீட்சா தளராமல் வழுக்கினால் சரி. கதவைத் திறந்து, கல்லின் பின்விளிம்பில் பலகையின் நுனியை வைத்து, வெடுக்கென்று இழுத்துவிட வேண்டும். தோசைக்கல்லில் மாவு விழும்போது கேட்கும் சத்தத்தைவிடச் சற்று மெல்லிய ஒரு சீறல் கேட்கும்.

முதல் ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. மாவின் வாயு விரிகிறது, கரைந்திருந்ததும் வெளிவருகிறது, நீர் ஆவியாகி அத்தனை குமிழ்களையும் ஊதுகிறது. 60 டிகிரி நெருங்கும்போது ஈஸ்ட் இறக்கிறது, அதை ஒட்டி மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கெட்டியாகிறது, கூடு நிலைத்துவிடுகிறது. கண்ணாடி வழியே பார்த்தால் விளிம்பு எழுவது தெரியும். பார்க்க வேண்டிய காட்சி, நகராதீர்கள்.

அந்த இயற்பியலாளர்களின் கணக்கில் 230 டிகிரி எஃகில் ஒரு பீட்சாவுக்கு 170 விநாடி. மேலே நீர் அதிகமானால் நேரம் கூடும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். என் ஓவனில் ஆறிலிருந்து எட்டு நிமிடம் ஆகிறது. மேல்பக்கம் பின்தங்குவதைச் சரிசெய்யக் கல்லை மேல் அடுக்கில் வைப்பேன். கடைசி இரண்டு நிமிடம் மேல்கம்பியை மட்டும் எரியவிடுவேன். செந்தணலாக ஒளிரும் கம்பி, ஓவனின் சுவரைவிடப் பன்மடங்கு கதிர்வீச்சைத் தரும். நாம் இழந்த நேப்பிள்ஸ் கூரை அந்த இரண்டு நிமிடத்துக்குத் திரும்பக் கிடைக்கிறது.

எடுத்ததும் தட்டில் வைத்துவிடாதீர்கள். அடியிலிருந்து வரும் ஆவி தட்டில் பட்டு நீராகி, இவ்வளவு பாடுபட்டுச் சிவக்கவைத்த அடியை நமத்துப்போகச் செய்யும். கம்பி வலையின் மேல் இரண்டு நிமிடம் வைத்து ஆவி போகட்டும், பிறகு வெட்டலாம். ஒரு துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: நன்றாக முறுகிய தோசையின் முதுகில் இருக்கும் அதே நிறம், அங்கங்கே கரும்புள்ளிகள். அடுத்த பீட்சாவை உடனே போட வேண்டாம். முதல் மாவு கல்லின் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கும். கதவை மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். அதற்குள் முதல் பீட்சா தீர்ந்திருக்கும்.